பணிப்பட்டியலில் கையெழுத்திட்டவர் யார்?

(விமானப் பராமரிப்புத் தொழிலாளர்களின் வேலைநேரம் குறித்துத் தொழிற்சங்கப் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1990 ஜூன் 10 அன்று பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தை எட்டியபோது, விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் அவரது கால்களைப் பற்றிக்கொண்டு நிற்க, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் விமானத்தைத் தரையிறக்கினார். தலைமை விமானியும் 81 பயணிகளும் உயிர் பிழைத்தனர்.

அந்தக் கண்ணாடி முதல் நாள் விடியற்காலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையான அளவைவிட 0.66 மில்லிமீட்டர் குறைவு; மீதி ஆறும் நீளத்தில் குட்டை. மாற்றியவர் கற்றுக்குட்டி அல்லர். அந்த இரவு ஷிப்டின் பராமரிப்பு மேலாளர். ஆள் பற்றாக்குறையால் வேலையைத் தாமே செய்தார். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த, பொறுப்பாளர் இல்லாத கிடங்கில் அதற்கு இணையானதைக் கண்ணளவில் தேடி எடுத்தார். எட்டிச் சாய்ந்து முடுக்க வேண்டிய இடம் என்பதால், போல்ட் சரியாகப் பிடித்ததா என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. மனித உடல் மிகவும் தளர்ந்திருக்கும் பின்னிரவு நேரம் அது. இரண்டாவது நபர் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கண்ணாடி மாற்றுவது இல்லை. செய்தவரும் அவரே, சான்றளித்தவரும் அவரே.

விசாரணை அறிக்கை அவருடைய கவனக்குறைவைச் சொன்னது. அத்துடன், இத்தனை முக்கியமான வேலை ஒற்றை மனிதரிடம் விடப்பட்டதையும், வேலை நடக்கும் விதத்தை நிர்வாகம் நேரில் கண்காணிக்காததையும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதிதான் வழக்கமாக மறக்கப்படுகிறது.

இது புதிய கதை அன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் மூன்று ரயில்வே தொழிலாளர்களைக் காட்டுகிறார். பெரும் விபத்துக்குப் பின் கார்டு, எஞ்சின் ஓட்டுநர், சிக்னல்காரர் மூவரும் லண்டனில் விசாரணைக் குழுவின் முன் நிற்கின்றனர். எட்டு மணி நேரமாக இருந்த வேலை 14, 18, 20 மணி நேரமாக முறுக்கப்பட்டதையும், விடுமுறைக் கூட்டக் காலத்தில் 40, 50 மணி நேரம்கூட ஓய்வின்றி நீண்டதையும் அவர்கள் ஒரே குரலில் சொல்கின்றனர். ஒரு கட்டத்தில் கண்கள் பார்க்க மறுத்தன, மூளை சிந்திக்க மறுத்தது. கூண்டில் நின்றவர்களோ அவர்கள்தாம். ரயில்வே கம்பெனி அல்ல.

மார்க்ஸ் அன்று எழுதியதை ஆய்வுக்கூடம் பின்னர் அளந்து காட்டியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது என 1997இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. குடித்துவிட்டு ஹேங்கருக்குள் நுழைபவரை எந்த நிறுவனமும் வேலைக்கு விடாது. தூங்காமல் வருபவரையோ, ஓவர்டைம் என்று அதே நிறுவனம்தான் அழைக்கிறது.

விமானம் பகலில் பறந்தால்தான் வருமானம். ஆகவே பராமரிப்பு இரவுக்குத் தள்ளப்படுகிறது; காலைப் புறப்பாட்டு நேரம் தலைக்கு மேல் தொங்குகிறது. முதலாளித்துவ அரசுகள் இதை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன? அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி, பெரிய விமான நிறுவனங்களின் பராமரிப்புத் தொழிலாளிக்கு ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதையும் மாதக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறது. ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம் நீளலாம் என்பதற்கு அதில் வரம்பு இல்லை.

இந்தியாவில் நடந்தது அண்மைக்கால நினைவு. விமானிகளின் ஓய்வு குறித்த புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. ஓய்வு கொடுக்க வேண்டுமானால் கூடுதல் ஆட்களை நியமிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாததல்ல; தயாராக அவகாசமும் இருந்தது. ஒன்றிய அரசு என்ன செய்தது? அந்த நிறுவனத்துக்காக விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. பயணிகளின் கண்ணுக்குத் தெரியும் விமானிக்கே இந்த நிலை என்றால், ஹேங்கரின் இருட்டில் நிற்கும் டெக்னீஷியனின் தூக்கத்தை யார் கணக்கிடுவார்?

அதே நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. கர்நாடகம் 2023இலேயே தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிட்டது. வாரத்துக்கு 70 மணி, 90 மணி என்று பெருமுதலாளிகள் மேடையில் பேசுவதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆகவே விமானப் பராமரிப்பில் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஷிப்ட் நேரத்துக்குச் சட்டபூர்வ உச்சவரம்பு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதற்குள் வர வேண்டும். பின்னிரவில் முக்கியமான எந்த வேலையும் ஒருவரிடம் மட்டும் விடப்படக் கூடாது. களைத்திருக்கும் பொறியாளர் சான்றளிக்க மறுத்தால், அதற்காக அவர் தண்டிக்கப்படக் கூடாது. விபத்து விசாரணையில் பொறியாளரின் கையெழுத்துடன், முந்தைய வாரங்களின் பணிப்பட்டியலும் அதைத் தயாரித்தவரின் பெயரும் ஆவணமாகச் சேர்க்கப்பட வேண்டும்.