பிரிண்டர்ல கலர் மாறுதா? முதல்ல ஒரே ஒரு பக்கம் எடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு வீட்டுல இருக்கிற இங்க்ஜெட் பிரிண்டர் பத்திப் பேசலாம். கறுப்பு எழுத்து பளிச்னு வருது, ஆனா போட்டோ எடுத்தா முகம் பச்சையா இருக்கு. உடனே ஹெட் கிளீனிங்கை அஞ்சாறு தடவை ஓட்டுறோம். அப்புறம் புது இங்க் வாங்குறோம். கடைசியில பிரிண்டரே போச்சுன்னு முடிவு பண்ணிடுறோம். பல சமயம் இந்தச் செலவு எதுவுமே தேவையில்லை.

முதல்ல அடிப்படை. போன் ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஒளியைக் கலந்து நிறம் காட்டுது. பிரிண்டரோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புங்கிற நாலு மையை வச்சுத்தான் எல்லாத்தையும் சமாளிக்கணும். சிவப்புக்குன்னு தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தாதான் சிவப்பு. அதனால ஒரு மை நின்னா மொத்தப் படமும் திரியும். மஞ்சள் நின்னா சிவப்பு ரோஸாகும். மெஜந்தா நின்னா முகம் பச்சையடிக்கும். சயான் நின்னா இலையெல்லாம் மஞ்சளாகும்.

எது நின்னிருக்குன்னு கண்டுபிடிக்க, பிரிண்டர் மெனுவுல 'நாசில் செக்'னு ஒண்ணு இருக்கும். சாதா தாள் ஒண்ணு போதும். நாலு நிறத்துலயும் கோடு கோடா ஒரு கட்டம் வரும். இனி எல்லாமே அந்தப் பக்கத்தைப் பொறுத்துதான்.

கோடு எதுவும் விடுபடலைன்னா, ஹெட்ல பிரச்சனை இல்லை. கிளீனிங் பக்கமே போகாதீங்க. செட்டிங்கைப் பாருங்க. உள்ளே இருக்கிறது போட்டோ பேப்பர், ஆனா பிரிண்டர் 'பிளெய்ன் பேப்பர்'னு நினைச்சுட்டு இருந்தா நிறம் மங்கும். பளபளப்பான பக்கத்துக்குப் பதிலா பின்பக்கம் அடிச்சா மை ஈஷிக்கும். எடிட்டிங் ஆப், பிரிண்டர் டிரைவர் ரெண்டுமே நிறத்தைத் திருத்தினாலும் குழப்பம்தான். ஒண்ணுல அதை அணைச்சிடுங்க.

கோடு விடுபட்டிருந்தா, முதல்ல மை இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு தடவை கிளீனிங், உடனே மறுபடி நாசில் செக். ரெண்டு மூணு தடவைக்கு மேல வேண்டாம். ஏன்னா ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையைத்தான் உறிஞ்சி வெளியே தள்ளுது. அது மெஷினுக்குள்ள இருக்கிற ஒரு பஞ்சுல போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிறைஞ்சா, அதை மாத்துற வரைக்கும் பல மாடல்கள் பிரிண்ட் பண்ணவே மறுத்துடும்! அதனால பிரிண்டரை ஆஃப் பண்ணி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் திரும்பப் பாருங்க. அடைப்பு இளகியிருக்க வாய்ப்பு உண்டு.

அப்பவும் வரலைன்னா, உங்க மாடல்ல ஹெட் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். எச்பி, கேனானோட பல சின்ன கார்ட்ரிட்ஜ் மாடல்கள்ல ஹெட் கார்ட்ரிட்ஜோடயே வரும். கார்ட்ரிட்ஜை மாத்தினா ஹெட்டும் புதுசு. எப்சன்ல ஹெட் மெஷினோடயே நிலையா இருக்கும்; புது மை ஊத்தினா அடைப்பு போயிடாது. அங்கே சர்வீஸ் சென்டர்ல விலை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கடைசியா, அடைப்பே வராம இருக்க ரெண்டு பழக்கம். வாரம் ஒரு தடவை நாலு நிறமும் வர்ற மாதிரி ஒரு பக்கம் எடுங்க. அப்புறம், சுவத்து சுவிட்சை நேரா அணைக்காதீங்க. பிரிண்டரோட பட்டன்ல ஆஃப் பண்ணினாதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். நடுவுல கரண்ட் போனா அது திறந்தபடியே நின்னு காயும். கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் பண்ணி, பட்டன்லயே ஆஃப் பண்ணிடுங்க.

நாளைக்கு காலேஜ் புராஜெக்ட், நைட் பதினொரு மணிக்கு கலர் மாறுதுன்னா பதறாதீங்க. முதல்ல அந்த ஒரு பக்கம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!