திருவருகைக் காலமும் நம் தொண்டும்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், திருவருகைக் காலத்தையும் அக்காலத்தில் சபையார் செய்யவேண்டிய தொண்டையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இச்சங்கத்தில் பல திருச்சபைகளைச் சேர்ந்தோர் உளர். இந்துக்களும் பௌத்தர்களும் உளர். ஒரு சமயத்தாரின் திருநாட்காலத்தைக் குறித்து இவ்வவையில் பேசுதல் பொருந்துமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். ஆலயத்தினுள் நடைபெறும் வழிபாட்டை விளக்க நான் வரவில்லை. அவ்வழிபாட்டின் பயனாகத் தெருவில் என்ன நடைபெற வேண்டும் என்பதையே பேச வந்துள்ளேன். தெரு நம் அனைவர்க்கும் பொதுவானது.

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னுள்ள நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. நம் முதியோர் இதனை 'அட்வெந்து' என்பர். வருகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நவம்பர் 30-இல் வரும் அந்திரேயா திருநாளுக்கு மிக அண்மையிலுள்ள ஞாயிறே இதன் தொடக்கம். ஆகவே நவம்பர் 27-க்கு முன்னரோ டிசம்பர் 3-க்குப் பின்னரோ இக்காலம் தொடங்குவதில்லை. மேலைத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு பிறப்பதும் இந்த ஞாயிற்றில்தான். பண்டை நாளில் இது நோன்புக் காலமாகவும் இருந்தது.

இக்காலத்தின் பொருள் யாதென வினவினால், காத்திருத்தல் என்று மறுமொழி கூறுவர். அன்பர்களே, காத்திருத்தலை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. களத்துமேட்டில் கூலிக்காகக் காத்திருந்தவர்கள் நம் பாட்டன்மார். வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் பட்டாவுக்காகக் காத்திருந்தவர்கள் நம் தந்தையர். பொதுக் கிணற்றருகே, எவரேனும் இரங்கி நீர் வார்க்கமாட்டார்களா என்று குடத்துடன் காத்திருந்தவர்கள் நம் தாய்மார். இன்னும் பொறுத்திருங்கள் என்பதுதான் திருவருகையின் செய்தி என்றால் அச்செய்தி நமக்கு வேண்டுவதன்று.

ஆனால் திருமறை அவ்வாறு கூறவில்லை. இக்காலத்து ஞாயிறுகளில் யோவான் ஸ்நானகனைப் பற்றிய பகுதிகள் வாசிக்கப்படுகின்றன. தாங்கள் செய்யத்தக்கது யாதென்று மக்கள் அவனிடம் வினவினார்கள். அவன் அவர்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. உடையும் உணவும் மிகுதியாக உள்ளவர்கள் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்றான். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கலாகாது என்றான். போர்ச்சேவகர் எவரையும் மிரட்டிப் பறிக்கலாகாது என்றான். சோறு, துணி, பணம், அதிகாரம் ஆகிய நான்கையும் நேர் செய்வதே வருகைக்கு ஆயத்தம் என்பது இதனால் பெறப்படும். மரியாள் பாடிய பாடலும் வலியோர் இருக்கை இழப்பதையும், எளியோர் உயர்வதையும், பசித்தோர் நிறைவு பெறுவதையும் பேசுகிறது. அப்பாடலைப் பாடிய பெண்ணும் ஓர் ஏழை வீட்டுப் பெண்ணே.

நம் ஆலயங்கள் பலவற்றில் இக்காலத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட வளையம் ஒன்றை வைத்து ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். அவ்வழக்கம் எங்கே பிறந்தது என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். செருமனி நாட்டு ஆம்பர்க் நகரத்தருகே யோகான் இன்ரிக் விகர்ன் என்னும் இறைத்தொண்டர் 1833-இல் ஆதரவற்ற ஏழைச் சிறுவர்க்காக ஓர் இல்லம் தொடங்கினார். சிறுவர்களைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, எழுத்தறிவோடு கைத்தொழிலும் அங்கே கற்பித்தனர். திருநாள் எப்போது வரும், எப்போது வரும் என்று அச்சிறுவர்கள் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆகவே 1839-இல் அவர் ஒரு மரச்சக்கரத்தின்மேல் கிழமை நாட்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்திகள் நான்கும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். செல்வர் மாளிகையின் அலங்காரமாகத் தோன்றியதன்று இவ்வளையம். ஏழைப் பிள்ளைகள் நாள் எண்ணக் கற்றுக்கொண்ட கல்விக் கருவி அது. இதனை அறிந்தபின் வெறும் அலங்காரத்தோடு நிறைவடைய நம்மால் இயலுமா?

இனி, நம் ஊர்களில் இக்காலம் எவ்வாறு வருகிறது என்று பாருங்கள். இங்கே அது வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. கூரை ஒழுகும் காலம் இது. காவிரிப் படுகையில் சம்பா நடவு முடிந்து அறுவடை தொடங்காத காலம். கூலிவேலை அருகிக் கைமாற்றும் கடனும் பெருகும் காலம். அரையாண்டுத் தேர்வும் இதே டிசம்பரில்தான் வருகிறது. படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளை பெரும்பாலும் முழுத்தேர்வில் தோற்று நிற்பதில்லை. அரையாண்டுத் தேர்வில் பின்தங்கி, விடுமுறையில் வேலைக்குப் போய், தையில் பள்ளிக்குத் திரும்பாமலே நின்றுவிடுகிறது. ஆலயத்தில் நட்சத்திரம் கட்டும் அதே வாரத்தில் நம் பிள்ளைகளின் எதிர்காலம் இவ்வாறு ஓசையின்றி அவிந்துபோகிறது.

மேலும் இரண்டு நாட்களை நாம் மறத்தலாகாது. அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. எந்த ஆண்டிலும் அந்நாள் திருவருகைக் காலத்தினுள்ளேதான் வரும். கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டது 1968 டிசம்பர் 25 இரவு. அவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகெங்கும் சமாதானப் பாடல் ஒலித்த அதே இரவு அது. இவ்விரு நாட்களையும் விலக்கிவிட்டு நாம் திருநாள் கொண்டாடுவோமாயின் நம் வரலாற்றை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் ஆவோம்.

இளைஞர்களே, உங்கள் கேரல் குழுக்களைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். மூங்கில் தப்பையும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் செய்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து, மார்கழிப் பனியில் வீடு வீடாகப் பாடிச் சென்ற தலைமுறையைச் சேர்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். இன்று விளக்கும் மாறிற்று, இசைக்கருவியும் மாறிற்று. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஓர் ஊரின் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று உள்ளே இருப்பாரின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு அரசு அலுவலர்க்கும் கிட்டுவதில்லை, அரசியற் கட்சியினர்க்கும் கிட்டுவதில்லை. அது உங்களுக்குக் கிட்டுகிறது. எவ்வீட்டில் கூரை ஒழுகுகிறது, எவ்வீட்டு முதியவர் நோயில் கிடக்கிறார், எவ்வீட்டுப் பிள்ளை தேர்வுக் காலத்தில் செங்கற்சூளைக்குப் போயிருக்கிறது என்பவை எல்லாம் அவ்வொரு சுற்றிலேயே புலப்படும். பாடிவிட்டுக் காணிக்கைப் பையை நீட்டித் திரும்புவதோடு நில்லாமல், கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். காணிக்கை எங்கே மிகுதியாகக் கிடைக்கும் என்று பார்த்துத் தெருவைத் தெரிந்தெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கடைக்கோடிக் குடிசையிலிருந்து பாடத் தொடங்குங்கள்.

அவ்வாறு திரளும் பணம் எதற்குச் செலவாகிறது என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் வெடிக்கும் ஓரிரவில் கரையும் தொகை, நம் தெருப் பிள்ளைகள் பலர்க்கு ஓராண்டுத் தேர்வுக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் ஆகும். நான் மகிழ்ச்சிக்கு எதிரியல்லன். ஆண்டு முழுதும் உழைத்த மக்கள் ஒரு நாள் புத்தாடை உடுத்தி மகிழ்வது அவர்தம் உரிமை. எனினும் முதற்பங்கு பிள்ளைகளின் படிப்புக்கு, எஞ்சியது கொண்டாட்டத்துக்கு என்னும் முறையை ஒவ்வொரு சபையும் வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

சிறுதொகையால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பர். மிசோரம் மாநிலத்துப் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கத்தை 1910-இல் தொடங்கினர். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அது நின்றுபோகவில்லை. அப்பிடியரிசி அச்சபையின் பணிகளுக்கு ஒரு பெரும் வருவாயாக விளங்குகிறது. தொடங்கியவர்கள் செல்வர்கள் அல்லர். மலைவாழ் ஏழைப் பெண்கள். பிடியரிசி நம் தாய்மார்க்கும் புதிதன்று. அதனை மீண்டும் எடுக்க வேண்டியதே நம் வேலை.

தொண்டு செய்யும் முறையைப் பற்றியும் ஒரு சொல். நம் மக்கள் நெடுங்காலம் பிறர் தந்ததை வாங்கி நின்றவர்கள். போர்வை ஒன்றைக் கையில் கொடுத்து, நிழற்படம் எடுத்து முடியும்வரை நிற்கச் செய்வதன் கூச்சம் நமக்குத் தெரியும். அக்கூச்சத்தை நாம் வேறொருவர்க்குத் தரலாகாது. கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழும் இராதபடி கொடுப்பதே தொண்டு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள், பரட்டை என்னும் பெயரால் நாட்டுப்புற மெட்டில் பாடல்கள் இயற்றியவர். இழிவென்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டில் முழங்கச் செய்தவர். ஓர் உலையில் சமைத்து ஒன்றாக உண்பதையே திருச்சபையின் அடையாளமாக அவர் வலியுறுத்தினார். நம் சபைகள் நடத்தும் அசன விருந்தின் உட்பொருளும் அதுவே. அவரவர் வீட்டு அரிசி ஒரே உலையில் விழுந்தபின் எது எவர் வீட்டு அரிசி என்று பிரித்தறிய இயலாது. அங்கே ஈவோரும் இல்லை, இரப்போரும் இல்லை.

அவ்வுலையில் சாதிக்கும் உட்சாதிக்கும் சமயத்துக்கும் இடம் இருத்தலாகாது. 2015-இல் திருவருகையின் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. அந்நகரின் சேற்றையும் குப்பையையும் அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் நம்மவரே. 2023-இல் திருவருகையின் முதல் ஞாயிறாகிய டிசம்பர் 3-இல் மீண்டும் புயல்மழை சென்னையை வருத்திற்று. அதே ஆண்டு மூன்றாம் ஞாயிறாகிய டிசம்பர் 17-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. 2004-இல் ஆழிப்பேரலை வந்ததும் திருநாளின் மறுநாளே. இயற்கை இடர்கள் பலமுறை இக்காலத்தைத் தேடி வந்திருக்கின்றன. அப்போதெல்லாம் ஆலயக் கதவும் பள்ளிக் கதவும் எவர்க்கு முதலில் திறந்தன என்பதே ஒரு சபையின் உண்மையான வழிபாட்டுக் கணக்கு.

இங்கே உரிமையைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1950 ஆகஸ்டு 10-இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியார் என்னும் தகுதியை இந்துக்களோடு நிறுத்திற்று. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது. கிறித்தவரான தலித் மக்களுக்கு விரியவில்லை. சட்டம் அவர்களைச் சாதியற்றவர் என்கிறது. ஊரோ சாதியை மறக்கவில்லை. சில சபைகளின் கல்லறைத் தோட்டங்களும் மறக்கவில்லை. அதற்கான போராட்டம் தொடர வேண்டும். அதே வேளையில் கையில் உள்ளதையும் இழத்தலாகாது. ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவராக மாறியோரின் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டில் அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் உரிய காலத்தில் பெறாமையால் அதனை இழப்போர் இன்னும் இருக்கின்றனர். ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் இறைத்தொண்டுதான்.

ஆகவே நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு கடமைகளை உங்கள்முன் வைக்கிறேன். முதல் வாரத்தில் கேரல் குழுவினர் வீடுதோறும் சென்று குறிப்பெடுத்தல், பிடியரிசி தொடங்குதல். இரண்டாம் வாரத்தில் டிசம்பர் 6-ஐ ஒட்டி அண்ணலை நினைந்து, ஆலயத்திலோ சங்கக் கட்டடத்திலோ மாலை நேரப் படிப்பகம் தொடங்கித் தேர்வு முடியும்வரை நடத்துதல். கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியரே அங்கே ஆசிரியர். மூன்றாம் வாரத்தில் ஒழுகும் கூரைகளை இளைஞர் கூடி வேய்ந்து கொடுத்தல், நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல், சான்றிதழ் இல்லாதார்க்கு விண்ணப்பம் எழுதுதல். நான்காம் வாரத்தில் ஊர் முழுமைக்கும் ஓர் உலை வைத்தல். அவ்விருந்தில் கீழ்வெண்மணி மக்களை நினைந்து சிறிது நேரம் எழுந்து நிற்றல். தை பிறந்து பள்ளி திறக்கும்போது ஒரு பிள்ளையும் திரும்பாமல் நின்றுவிடவில்லை என்றால், அதுவே நம் திருவருகை நிறைவேறியதற்குச் சான்று.

இச்சங்கத்தை 25 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியோர், வசதி வரட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள். அவர்கள் தொடங்கியதைப் பொன்விழா வரை கொண்டு செல்ல வேண்டியவர்கள் இளைஞர்களாகிய நீங்கள். வருகிற திருவருகையின் முதல் ஞாயிறன்றே இப்பணியைக் கைக்கொள்ளுங்கள்.