பறிக்கும் முன் கதையைக் கேளுங்கள்

(செம்மேட்டில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில், கொல்லிமலை நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த களைப்பு சிலருக்கு இன்னும் தீர்ந்திருக்காது. அதனால் நேரடியாகச் செய்திக்கு வந்துவிடுகிறேன். 'மாணவர்களும் செல்பேசி விளையாட்டும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். விளையாட்டின் தீமைகளைப் பட்டியலிடுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வீடியோ கேம் ரசிகன். கல்லூரி விடுதியில் நண்பனின் கணினியில் தொடங்கிய பழக்கம் இது. நாற்பதைத் தாண்டிய பிறகும், விடுமுறை நாளில் வீட்டு வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் விளையாடுவேன். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. என் மனைவியும் இப்படித்தான் சிரிப்பார்.

இப்படிப்பட்ட நானே ஒரு மாணவனிடம் செய்த தவற்றைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

ஒரு செல்பேசியைப் பறித்த கதை

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். தமிழில் 'உன் ஊரைப் பற்றி எழுது' என்றால் இரண்டு வரி எழுதுவான். மூன்றாவது வரி வராது. ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் கட்டடத்தின் பின்புறம் உட்கார்ந்து செல்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் பறித்தேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பின் முன் நிறுத்தி, "இதில் காட்டுகிற அக்கறையில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் நாலு வரியாவது எழுதியிருப்பாய்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆறு நாள் ஆயிற்று.

மலையில் ஒரு பிள்ளை ஆறு நாள் வரவில்லை என்றால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். ஏழாவது நாள் காட்டு வேலைக்குப் போயிருப்பான். அடுத்த மாதம் வெளியூர் வேலைக்கு யாருடனாவது வண்டி ஏறியிருப்பான்.

ஏழாம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். என்ன பேசுவது என்று தெரியாமல், "அன்றைக்கு என்னப்பா விளையாடிக்கிட்டு இருந்தே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கித் தொடங்கினான். அது பழைய போக்கிமான் விளையாட்டு. சொந்த ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு சிறுவன், வழியில் பிடித்துப் பழக்கும் உயிரினங்கள், ஊர் ஊராகச் சந்திக்கும் போட்டியாளர்கள் என்று இருபது நிமிடம் பேசினான். தொடக்கத்தில் கிடைத்த ஓர் உயிரினம் பலவீனமானதாம். அதை விட்டுவிடச் சொல்லி நண்பர்கள் எல்லாரும் சொன்னார்களாம். "ஆனா நான் விடலை சார். ஏன்னா, அதுதான் முதல்ல இருந்து என்கூட வந்தது" என்றான்.

'ஆனால்', 'ஏனென்றால்', 'அதற்கப்புறம்' எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. காரணம் இருந்தது, வரிசை இருந்தது, ஒரு தீர்மானமும் இருந்தது. இரண்டு வரிக்கு மேல் எழுதத் தெரியாதவன் என்று நான் முடிவு கட்டிய பையன் இவன்தான். இருபது ஆண்டுகளாக இதே வகை விளையாட்டை விளையாடி வரும் எனக்கே, பறிக்கும் முன் 'என்ன விளையாடுகிறாய்?' என்று கேட்கத் தோன்றவில்லை. இன்று உங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை இந்த ஒரு கேள்விதான்.

எல்லா விளையாட்டும் ஒன்றல்ல

பிள்ளைகளின் செல்பேசியில் இருப்பதை எல்லாம் 'கேம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நான் அவற்றை மூன்றாகப் பிரிப்பேன்.

முதலாவது, சுட்டு வீழ்த்தும் போட்டிகள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. தடைக்குப் பிறகும் அதே வகை விளையாட்டுகள் வேறு பெயர்களில் கிடைக்கின்றன. இவற்றில் விரைவும் கூட்டு முயற்சியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் எல்லாம் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சொல்வதற்குக் கதை மிஞ்சாது. ஒரு ரசிகனாக எனக்கு இவை சலிப்பூட்டுகின்றன.

இரண்டாவது, பணம் கட்டி ஆடுபவை. இவை விளையாட்டே அல்ல, சூதாட்டம். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து, இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, என் மாணவன் விளையாடியது. பாத்திரமேற்று விளையாடும் வகை. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஆர்.பி.ஜி.' என்பார்கள். இது கணினியில் பிறந்ததல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குத் தேவை தாள், பென்சில், பகடை, கூடி உட்கார நாலு பேர். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, 'நான் இப்போது இதைச் செய்கிறேன்' என்பார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இந்த முறைதான் பிறகு கணினிக்குப் போயிற்று. ஜப்பானில் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்', 1987இல் 'ஃபைனல் ஃபேன்டசி', 1996இல் 'போக்கிமான்' என்று வளர்ந்தது.

ஏன் பிடிக்கிறது?

இந்த விளையாட்டுகளில் பிள்ளைகளுக்கு அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். என் அனுபவத்தில் மூன்று கிடைக்கின்றன. தெரிவு செய்யும் உரிமை கிடைக்கிறது. செய்த முயற்சி கண்ணுக்குத் தெரிகிறது. நேற்று முதல் நிலை, இன்று மூன்றாம் நிலை. தோற்றால் யாரும் சிரிப்பதில்லை, மறுபடி முயலலாம். இந்த மூன்றும் நம் வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன என்பதை அவரவர் மனத்துக்குள் கேட்டுக்கொள்வோம்.

நல்ல விளையாட்டுகள் அறம் பற்றியும் யோசிக்க வைக்கும். 2015இல் வந்த 'அண்டர்டேல்' என்ற விளையாட்டில் எதிரில் வரும் எவரையும் கொல்லாமலே, பேசியும் விட்டுக்கொடுத்தும் கதையை முடிக்கலாம். கொன்றால் அதை அந்த விளையாட்டு மறப்பதில்லை. பின்னால் வந்து கேள்வி கேட்கும். முதல் முறை விளையாடியபோது அவசரத்தில் நான் கொன்ற ஒரு பாத்திரம் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

தமிழாசிரியர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. 2023இல் 'வெண்பா' என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு வந்தது. கனடாவின் டொராண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழுவின் படைப்பு. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. இதைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பதைவிடக் கதை சொல்லும் சமையல் விளையாட்டு என்பதே சரி. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தாய், கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தன் அம்மாவின் சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் இருக்கிறது. அதில் பல இடங்கள் சிதைந்துவிட்டன. இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்று விளையாடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மகன் மெல்ல மெல்லத் தாய்மொழியிலிருந்து விலகிப் போவதைப் பார்க்கும் ஒரு தாயின் தவிப்புதான் அதில் இருக்கிறது. வீட்டுப் பேச்சைப் பள்ளியில் பேசக் கூசும் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் நமக்கு அது தொலைதூரக் கதை அல்ல.

எங்கே எச்சரிக்கை வேண்டும்?

ரசிகன் என்பதற்காகக் குறைகளை மறைக்க மாட்டேன். இன்று 'இலவசம்' என்று கிடைக்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பலவற்றில் மூடிய பெட்டி ஒன்று வரும். பணம் கொடுத்துத் திறந்தால் உள்ளே அரிய பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திருவிழாக் கடையில் பணம் கட்டிச் சீட்டுக் கிழிப்பதுபோலத்தான். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல், இத்தகைய பெட்டிகளில் சில தங்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகவே சொல்லிவிட்டது. எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் மிளகு விற்று வங்கியில் வைத்திருந்த பணத்தில் 1,800 ரூபாய் இப்படிப் போயிற்று. பையனுக்கு அது பணம் என்றே தோன்றவில்லை. 'நீலக் கல் வாங்கினேன்' என்றான். கதை நன்றாக இருந்தாலும் உள்ளே கடை இருந்தால் எச்சரிக்கை வேண்டும். செல்பேசியில் பணம் செலுத்தும் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, அளவு. உலக சுகாதார நிறுவனம் 'விளையாட்டுக் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறைய விளையாடுவது மட்டுமே நோய் என்று அது சொல்லவில்லை. தன் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முதன்மையாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாகப் பன்னிரண்டு மாத அளவுக்கு நீடித்தால்தான் அந்தப் பெயர். தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு விலகி, எடையும் குறைந்து வரும் பிள்ளையைக் கண்டால் திட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல உதவுங்கள்.

ஓரியும் புளியங்கொட்டையும்

இனி, செல்பேசியே இல்லாமல் இந்த விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவந்த அனுபவம்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. ஆடி மாத விழாவையும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் ஓரியின் வேட்டையைச் சொல்கிறது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவிச் சென்ற காட்சி அது. எய்தவன் யார் என்று தெரியாமல் பாணர் கூட்டம் அவன் முன் பாடுகிறது. தன் பெயரைக் கேட்டு அவன் நாணுகிறான். பிறகு இறைச்சியும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். நான் இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அதையே விளையாட்டாக மாற்றினேன். ஐந்து பேர் ஒரு குழு. யாழ் வாசிப்பவர், முழவு கொட்டுபவர், பாடும் விறலி, வழி தெரிந்த முதியவர், ஒரு சிறுவன். துணிவு, பேச்சு, பார்வை என்று மூன்று திறன்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு மதிப்பெண். அதை மூன்று திறன்களுக்கும் அவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும். பகடைக்குப் பதில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஆறு புளியங்கொட்டைகள். குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்தவற்றை எண்ணித் திறனோடு கூட்ட வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் முயற்சி பலிக்கும். பலிக்காவிட்டால் ஆட்டம் முடியாது, கதை வேறு வழியில் போகும். இந்த விதியை மட்டும் மாற்றாதீர்கள்.

ஆசிரியர் கதைசொல்லி. "நீங்கள் பாணர்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கொல்லிக் காட்டில் ஒரு யானை விழுந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளி வில்லோடு ஒருவன் நிற்கிறான். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நிறுத்தினேன்.

ஒரு குழு உடனே பாடியது. ஒரு குழு ஒளிந்துகொண்டது. விறலியாக இருந்த மாணவி மட்டும், "யானை செத்துக் கிடக்குது சார். அதைப் பார்த்துட்டு எப்படிப் பாட்டு வரும்?" என்றாள். வகுப்பு அமைதியானது. பசித்தவன் பாடத்தான் வேண்டும் என்றான் ஒருவன். பாடினால் அந்த வில்லாளி கொன்றது சரி என்று ஆகிவிடாதா என்றாள் இன்னொருத்தி. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாட்டிடம் நான் கேட்காத கேள்வி அது. அன்றைய வீட்டுப்பாடம், உங்கள் பாத்திரத்தின் நாட்குறிப்பை எழுதுங்கள் என்பதுதான். எத்தனை வரி என்று சொல்லவில்லை.

'வெண்பா'வைப் பார்த்தும் ஒன்று செய்தோம். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி ஆகியவற்றின் செய்முறையைப் படிப்படியாகத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்து, இரண்டு சீட்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். விடுபட்டதைப் பாட்டியிடம் கேட்டு வர வேண்டும். மறுநாள் சில பாட்டிகள் என் சீட்டிலேயே பிழை கண்டுபிடித்து அனுப்பியிருந்தார்கள்!

நிறைவாக

நம் பள்ளிகளுக்குச் செல்பேசி வரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வந்தால் வாங்கி வையுங்கள். மாலையில் பெற்றோரிடம் கொடுங்கள். ஆனால் பிள்ளைகள் முன் அவமானப்படுத்தாதீர்கள். தனியாக அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன விளையாடுகிறாய்? அதில் நீ யார்? இதற்குப் பணம் கட்டுகிறாயா? முதல் இரண்டு கேள்விகளால் அவன் உங்களிடம் பேசத் தொடங்குவான். மூன்றாவது கேள்வியால் அவன் குடும்பம் தப்பிக்கும்.

அந்த மாணவன், நான் வீட்டுக்குப் போய் வந்த இரண்டாம் நாள் பள்ளிக்கு வந்தான். செல்பேசியில் சொன்ன கதையை எழுதித் தரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் ஏராளம். இன்றும் இருக்கின்றன, திருத்திக்கொண்டிருக்கிறோம். இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அன்று வகுப்பின் முன் அவனைச் சிரிக்க வைத்ததற்கு அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் சொல்லப்பட வேண்டும் என்பதால் சொல்கிறேன்.