நாற்காலி மாறினால் பாட்டு மாறும்!



அரசாங்கம் வேவு பார்க்கிறது, தனிமனித உரிமை தேய்கிறது. வாக்காளன் சலித்துப் போய்விட்டான். இந்தச் சலிப்புக்குக் காரணம் பெரிய கட்சிகளா, மக்களின் அக்கறையின்மையா? கட்சிகளே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார், "ஒளிக்க ஒண்ணுமில்லாதவனுக்கு ஒட்டுக்கேட்டா என்ன பயம்?" என்று. ஐயா, உங்க வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கா, இல்லையா? (சிரிப்பு) உள்ளே போய்க் குற்றமா பண்றீங்க? (கைதட்டல்) அது மானம் ஐயா! 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

"எங்க அத்தை கதவுக்குப் பின்னாலே நின்னு ஒட்டுக்கேக்கிறாங்க" என்று அழுத மருமகள், தனக்கு ஒரு மருமகள் வந்ததும் எங்கே போய் நிற்கிறாள்? அதே கதவுக்குப் பின்னாலே! (பலத்த சிரிப்பு) நம் கட்சிகள் கதையும் இதுதான்.

1986-இல் ராஜீவ் காந்தி ஆட்சி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தபாலில் போகும் கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தே போடவில்லை. 1991 மார்ச்சில் அதே ராஜீவ் காந்தியின் வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்ததாகப் பிடிபட்டார்கள். காங்கிரஸ் கொதித்தது, நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது, பிரதமர் சந்திரசேகர் பதவி விலகினார். தலைவர் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர் நின்றதற்கு ஓர் ஆட்சியே போச்சு! நம்ம வீட்டுக் கடிதத்தைப் பிரிச்சா யார் பதவி போகும்? (கைதட்டல்) அன்று நின்றுபோன அதிகாரம் 2023-இல், பா.ஜ.க. ஆட்சியின் அஞ்சல் சட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடைமறிக்கலாம், பிரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம்!

பொடாவைப் பாருங்கள். 2002-இல் பா.ஜ.க. கூட்டணி ஆட்சி கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் ஆதரித்த வைகோ அவர்களே, ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காக, இங்கே அ.தி.மு.க. ஆட்சியில் அதே சட்டத்தில் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2004-இல் காங்கிரஸ் கூட்டணி பொடாவை ரத்து செய்தது. கை தட்டினோம். அதே கூட்டணி 2008-இல், ஜாமீன் கிடைக்காத கடுமையை உபா சட்டத்துக்குள் குடியேற்றியது. வாசல் வழியாப் போனது கொல்லை வழியா வந்துடுச்சு! 2019-இல் பா.ஜ.க. அதை இன்னும் இறுக்கியபோது, மாநிலங்களவையில் காங்கிரஸ் குறை சொல்லிப் பேசியது. ஓட்டை மட்டும் ஆதரவாகப் போட்டது! (சிரிப்பு)

"வள்ளுவரே ஒற்றாடல் என்று 59-ஆவது அதிகாரம் வைத்தாரே" என்பார்கள். வைத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்றும் அதிலேயே சொன்னார். இங்கே? தொலைபேசியை ஒட்டுக்கேட்க உத்தரவு போடுகிறவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்க்கிற குழுவிலும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி ஒருவர்கூட இல்லை. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தினா, எந்தப் பையன் ஃபெயில் ஆவான்? (பலத்த கைதட்டல்) மாறி மாறி ஆண்டார்கள். இதை மட்டும் எவரும் மாற்றவில்லை.

மக்களுக்கு அக்கறை இல்லையாம்! நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த 1977 தேர்தலில், ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியையே தோற்கடித்தவர்கள் யார்? "தமிழ்நாட்டில் காங்கிரஸ் கூட்டணிதானே ஜெயித்தது?" என்று எதிரணி கேட்கும். உண்மைதான். ஆனால் நள்ளிரவுக் கைதையும் கட்டாயக் கருத்தடையையும் நேரில் அனுபவித்த வட இந்திய மக்கள் பதில் சொன்னார்களே! அந்தத் தீர்ப்பால்தானே மிசா ஒழிந்தது? 1978-இல் அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தம் வந்து, நெருக்கடி நிலைக்குக் கடிவாளம் போட்டது? மக்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இன்றைக்கு அவன் ஏன் சலிக்கிறான்? எதிரெதிரே இரண்டு கடை. பலகைதான் வேறு, சரக்கு ஒன்று! கோபத்தில் நோட்டாவை அழுத்தினால், அது எத்தனை ஓட்டு வாங்கினாலும் யாரோ ஒரு வேட்பாளர் ஜெயித்துவிடுகிறார்.

அதனாலே தாய்மார்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தெருவிளக்கு கேளுங்கள், தண்ணீர்க் குழாய் கேளுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: "தம்பி, எங்க போனைக் கேக்கிறதுக்கு முன்னாலே ஒரு நீதிபதி கையெழுத்து வேணும்னு சட்டம் கொண்டு வருவியா? நீ ஆளுங்கட்சி ஆன பிறகும் இதையே சொல்லுவியா?" அந்தக் கேள்விக்கு அவர் முழிக்கிற முழியிலே, சலிப்புக்குக் காரணம் யார் என்று தெரிந்துவிடும்!

காரணம் கட்சிகளே, கட்சிகளே! (நீண்ட கைதட்டல்)