பில் வரலையா? முதல்ல ஃபீட் பட்டனை அமுக்குங்க

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்தது.)

தினமும் பார்த்தும் நாம கண்டுக்காத ஒரு மெஷினைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. கடைக் கவுன்ட்டர்ல பில்லை வெளியே தள்ளுற அந்தச் சின்ன கறுப்புப் பெட்டி, பில் பிரிண்டர். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிறதும், கோளாறுன்னா போய்ப் பார்க்கிறதும் என் வேலை. எனக்கு வர்ற போன்ல பாதி, "அண்ணே, பில் வரலை"ன்னுதான் ஆரம்பிக்கும்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். ஹோட்டல்ல சமையல்கட்டுக்கு ஆர்டர் சீட்டு அடிக்கிறதும் இதே மாதிரி பிரிண்டர்தான். கேஓடின்னு சொல்வாங்க. சீட்டு வரலைன்னா மாஸ்டருக்கு ஆர்டரே தெரியாது. டேபிள்ல இருக்கிறவர் அரை மணி நேரம் காத்திருந்துட்டு எழுந்து போயிடுவார். திட்டு யாருக்கு? கேஷ்ல நிக்கிற பார்ட் டைம் பையனுக்கோ பொண்ணுக்கோ. "நீ என்னத்தை அமுக்கின?"ன்னு முதலாளி கேட்பார். நிறைய இடத்துல அவங்க ஒண்ணையுமே அமுக்கியிருக்க மாட்டாங்க. அதனால, கோளாறு எங்க இருக்குன்னு ரெண்டு நிமிஷத்துல பிரிச்சுக் காட்டுற ஒரு வழியைத்தான் இந்த எபிசோட்ல சொல்லப்போறேன்.

ஒரே கேள்வி

நாம கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கோளாறு பிரிண்டருக்கு உள்ளேயா, வெளியேயா?

இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேண்டாம். பிரிண்டரை ஆஃப் பண்ணுங்க. ரோல் இருக்கா, மூடி சரியா மூடியிருக்கான்னு பாருங்க. ஃபீட் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க. பெரும்பாலான மாடல்கள்ல ஒரு சீட்டு தானா அடிச்சு வரும். இதுக்கு செல்ஃப் டெஸ்ட்னு பேரு. சாஃப்ட்வேர், கேபிள், வைஃபை எதுவும் இதுல சம்பந்தப்படாது. பிரிண்டர் தன்னைப் பத்தித் தானே சொல்லுற சீட்டு அது.

அந்தச் சீட்டு பளிச்சுன்னு வந்தா பிரிண்டர் நல்லா இருக்கு, கோளாறு வெளியே. வரலைன்னாலோ மோசமா வந்தாலோ கோளாறு உள்ளே. இதைப் பார்க்காம கம்ப்யூட்டர்ல டிரைவரை அழிச்சு அழிச்சுப் போட்டா, ராத்திரி கடை மூடுற நேரம்தான் வரும்.

உள்ளேன்னா என்ன பார்க்கணும்?

இந்த பிரிண்டர்ல மை கிடையாது. பேப்பர்லயே ஒரு பக்கம் ரசாயனப் பூச்சு இருக்கு. சூடு பட்டா அது கறுப்பாகும். பிரிண்டரோட ஹெட்ல ஒரு மில்லிமீட்டருக்கு 8 சூடேறும் புள்ளிகள் வரிசையா இருக்கும். 80 மில்லிமீட்டர் ரோல் போடுற மாடல்ல பொதுவா 576 புள்ளிகள், 58 மில்லிமீட்டர் மாடல்ல 384. இது புரிஞ்சாலே பாதி கோளாறு புரிஞ்சிடும்.

பேப்பர் வெளியே வருது, ஆனா வெள்ளையா வருதா? ரோலைத் திருப்பிப் போட்டிருக்கலாம். நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க. கறுப்புக் கோடு விழுற பக்கம்தான் பூச்சு உள்ள பக்கம், அது ஹெட்டைப் பார்த்து இருக்கணும். ரெண்டு பக்கமும் கோடு விழலைன்னா அது தெர்மல் பேப்பரே இல்லை.

எழுத்து மங்கலா இருக்கா? ஹெட்ல தூசு படிஞ்சிருக்கும். ஆஃப் பண்ணி, ஆற விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால மெதுவா துடைங்க. நல்லா காய்ஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க. கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் ஹெட் பக்கம் போகக் கூடாது.

பில் முழுக்க மேலிருந்து கீழ வரை ஒரே இடத்துல வெள்ளைக் கோடு வருதா? துடைச்சும் போகலைன்னா அந்த இடத்துப் புள்ளி செத்துப்போச்சு. ஹெட்டை மாத்தணும். அதை யாரும் அமுக்கிக் கெடுக்க முடியாது, பெரும்பாலும் தேய்மானம்தான். முதலாளிகிட்ட தைரியமா சொல்லலாம்.

மூடி திறக்கவே மாட்டேங்குதா? கட்டர் பிளேடு பாதியில நின்னிருக்கும். இழுத்துப் பிய்க்காதீங்க. பல மாடல்கள்ல பிளேடைக் கையால பின்னுக்குத் தள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பவரை எடுத்துட்டு அதைச் சுத்துங்க.

வெளியேன்னா என்ன பார்க்கணும்?

யூஎஸ்பின்னா, கேபிளை வேற ஓட்டையில மாத்திக் குத்தினாங்களான்னு கேளுங்க. விண்டோஸ் அதைப் புது பிரிண்டர்னு நினைச்சு, 'காப்பி 1'னு இன்னொண்ணை உருவாக்கிடும். சாஃப்ட்வேர் பழசுக்கே அனுப்பிக்கிட்டு இருக்கும். கேபிளைப் பழைய ஓட்டைக்கே மாத்திப் பாருங்க.

நெட்வொர்க் பிரிண்டர்னா, கரன்ட் போய் வந்துச்சான்னு கேளுங்க. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி நம்பர் கொடுக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் அது மாறியிருக்கலாம். நிறைய மாடல்கள்ல செல்ஃப் டெஸ்ட் சீட்டிலேயே ஐபி இருக்கும். சாஃப்ட்வேர்ல இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. வேறயா இருந்தா அதான் காரணம். நம்பர் மாறாத மாதிரி ரவுட்டர்ல நிரந்தரமா ஒதுக்கி வைங்க.

கன்னாபின்னான்னு எழுத்து வருதா? தப்பான டிரைவரா இருக்கலாம். பழைய சீரியல் கேபிள்னா ரெண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போகலை, ஒரு பக்கம் 9600, இன்னொரு பக்கம் 19200ன்னு இருக்கும். தமிழ் மட்டும் கேள்விக்குறியா வருதுன்னா அது பழுதே இல்லை. பெரும்பாலான பிரிண்டர்கள்ல தமிழ் எழுத்துரு கிடையாது. சாஃப்ட்வேர்தான் தமிழைப் படமா மாத்தி அனுப்பணும்.

இதைச் செய்யாதீங்க

பில் வரலைன்னு பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டாதீங்க. ஒவ்வொரு தட்டும் வரிசையில போய் உட்காரும். பிரிண்டர் சரியானதும் எல்லாம் மொத்தமா அடிக்கும். கடைக் கவுன்ட்டர்னா பேப்பர்தான் வீண். சமையல்கட்டுன்னா ஒரு மசால் தோசைக்கு அஞ்சு சீட்டு போகும், மாஸ்டர் அஞ்சும் ஊத்திடுவார். அந்தக் காசை யார் சம்பளத்துல பிடிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால முதல்ல கம்ப்யூட்டர்ல பிரிண்ட் வரிசையைத் திறந்து காத்திருக்கிறதை எல்லாம் ரத்து பண்ணுங்க, அப்புறம் ஒரே ஒரு பில் அனுப்புங்க. சரியாகுற வரைக்கும் ஆர்டரைத் துண்டுச்சீட்டுல கையால எழுதி உள்ளே அனுப்புங்க. வியாபாரம் நிக்காது.

கவுன்ட்டர்ல வேலை பார்க்கிறவங்க ஒண்ணு செய்யுங்க. எல்லாம் நல்லா ஓடுற ஒரு நாள்ல செல்ஃப் டெஸ்ட் சீட்டு ஒண்ணு எடுத்து, போன்ல போட்டோ பிடிச்சு வைங்க. தெர்மல் பேப்பர் மங்கிடும், போட்டோ மங்காது. பிரச்சனை வர்ற அன்னைக்கு இன்னொண்ணு எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. என்ன மாறியிருக்குன்னு தெரிஞ்சிடும். சர்வீஸ்காரருக்கு அந்த ரெண்டு படத்தையும் அனுப்பினா, நேர்ல வராமலே பல நேரம் தீர்த்துடலாம்.

கடை வச்சிருக்கிறவங்களுக்கு என் வேண்டுகோள்: "நீ என்ன பண்ணின?"ன்னு கேட்குறதுக்கு முன்னாடி, "டெஸ்ட் சீட்டு என்ன சொல்லுது?"ன்னு கேளுங்க. பதில் சீக்கிரம் கிடைக்கும், பிள்ளைகளும் வேலையை விட்டுப் போக மாட்டாங்க.

அவ்ளோதான் மக்களே. கவுன்ட்டர்ல நிக்கிற நண்பர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.