மனசும் மாடும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் நமக்கு அத்துப்படி. இன்றைக்கு மனசுக் கணக்கு பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். நாங்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. எங்கள் குழுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருத்தி மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. "புதுப் புடவை கட்டிக்கிட்டு பஸ் ஏறினாளே, அதுக்கு மட்டும் காசு இருக்கா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். குழாயடியில் அதே பேச்சு. களை எடுக்கும்போதும் அதே பேச்சு. அவள் நம்மை ஏமாற்றுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டோம். ஆனால் எங்களில் ஒருவர்கூட அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கவில்லை.

கடைசியில் போனோம். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். புடவை தங்கச்சி எடுத்துக் கொடுத்ததாம். பஸ் ஏறியது ஆஸ்பத்திரிக்கு. "நீங்க பேசினதெல்லாம் என் காதுக்கு வந்துச்சு. அப்புறம் எந்த மூஞ்சியோட கூட்டத்துக்கு வர்றது?" என்றாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார்த்தோம். எங்களில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரு நினைப்பை அவிழ்த்து விட்டோம். அது போய் அடுத்தவர் பயிரை மேய்ந்துவிட்டது.

அப்போது எங்கள் ஊக்குநர் புத்தர் சொன்ன ஒரு செய்தியைச் சொன்னார். மஜ்ஜிம நிகாயம் என்று பாலி மொழியில் ஒரு நூல். அதில் 152 உரைகள் இருக்கின்றன. இது 19-வது உரையில் வருகிறது. இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள சிராவஸ்தியில், ஜேதவனம் என்ற தோப்பில் துறவிகளுக்குச் சொன்னது.

ஞானம் பெறுவதற்கு முன்பு, தன் நினைப்புகளை அவர் இரண்டாகப் பிரித்தாராம். ஆசை, வெறுப்பு, துன்புறுத்தும் எண்ணம் ஒரு பக்கம். பற்று விடுதல், வெறுப்பில்லாமை, துன்புறுத்தாமை மறுபக்கம். கெட்ட நினைப்பு வந்தால், இது எனக்குக் கேடா, பிறருக்குக் கேடா, இரண்டு பேருக்குமா என்று கேட்டுப் பார்ப்பார். அப்படிக் கேட்டதும் அது அடங்கிவிடும். எதை அடிக்கடி நினைக்கிறோமோ, அந்தப் பக்கமே மனசு சாயும் என்கிறார்.

இதற்கு அவர் சொல்லும் உதாரணம் மாடு மேய்ப்பவன். மழைக்காலக் கடைசியில் பயிர் அடர்ந்து நிற்கும். அப்போது அவன் கோலை எடுத்து மாட்டைத் தட்டித் தட்டித் தடுக்க வேண்டும். ஊரான் பயிரில் வாய் வைத்தால் தண்டனை அவனுக்குத்தானே! கோடையில் தானியம் எல்லாம் ஊருக்குள் வந்தபிறகு, மரத்தடியில் உட்கார்ந்து, மாடுகள் அங்கே நிற்கின்றன என்று கவனம் வைத்திருந்தால் போதும். கெட்ட நினைப்பைத் தட்டித் தடுக்க வேண்டும். நல்ல நினைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

நல்ல நினைப்பையும் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு களைக்கும், அதனால் மனசை அமைதியாக நிலைநிறுத்தினேன் என்றும் சொல்கிறார். அடுத்த உரையில் இன்னொரு வழி இருக்கிறது. தச்சர் ஒரு பெரிய முளையைச் சின்ன முளையை வைத்துத் தட்டி வெளியே எடுப்பது போல, கெட்ட நினைப்பை நல்ல நினைப்பால் வெளியேற்றலாம்.

இதைக் கேட்டபிறகு நாங்கள் மூன்று பழக்கம் வைத்துக்கொண்டோம். கூட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறோம். வராத உறுப்பினரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "இது யாருக்குக் கேடு?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அந்த வாரமே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய் நேரில் விசாரிக்க வேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் இதைச் செய்யலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வெறுப்பில்லாமை என்றால் கணக்கை விட்டுவிடுவது இல்லை. தவணையைக் கேட்கத்தான் வேண்டும். முகத்தைப் பார்த்து நேராகக் கேட்போம், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். வீட்டில் அடி உதை என்றால் மூச்சைக் கவனித்துப் பொறுத்துப் போகச் சொல்லவும் இல்லை. உடனே குழுவில் சொல்லுங்கள்.

அந்த உறுப்பினர் சிறு தவணையாகக் கட்டி முடித்துவிட்டார். கூட்டத்துக்கும் வருகிறார். ஆனால் முன்போல எங்களோடு சிரித்துப் பேசுவதில்லை. பணம் திரும்பிவிட்டது, அது இன்னும் திரும்பவில்லை. அந்தக் கடன் எங்களுடையது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் குழுவில் இப்படி ஒரு கடன் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.