ஆச்சியின் காலும் ஒரு கேள்வியும்

(காரைக்குடியில் ஆதரவாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



உங்கள் காணிக்கையால் எத்தனை பேர் சுகமடைந்தார்கள் என்று ஆண்டுதோறும் சொல்லுகிறோம். இன்று நாங்கள் தோற்ற கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் வார்டுக்கு ஓர் ஆச்சி வந்தார்கள். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி போய், உள்ளங்காலில் புண். ஆறு வாரம் கட்டுப்போட்டு, ஆற்றி, வீட்டுக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் அதே காலோடு திரும்பினார்கள். மறுபடியும் ஆற்றினோம், மறுபடியும் வந்தார்கள். மூன்றாம் தடவை எங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. "பலகாரம் சாப்பிட்டிருப்பீர்கள்" என்று கடிந்துகொண்டோம். ஆச்சி பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். காலை எடுத்துவிடலாமா என்றுகூட எங்களுக்குள் பேச்சு வந்தது.

அந்த நாட்களில்தான் டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் ஊழியத்தைப் பற்றி மறுபடியும் வாசித்தோம். 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் பணிசெய்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். மடங்கி முடங்கிய கைகளைக் கண்டு, இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். எலும்பு வைத்தியர் ஒருவர்கூட அதுவரை அதை ஆராயவில்லை என்று பதில் வந்தது. ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கும் அளவுக்குப் பலமான பிடி! அப்படியானால் நல்ல தசைகள் மீந்திருக்கின்றன. அவற்றின் நாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்து பிறந்தது.

ஆனால் சரிசெய்த கைகளிலும் புண் வந்தது. "தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அழுகத்தான் செய்யும்" என்று அன்று வைத்தியர்களே நம்பினார்கள். பிராண்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் விசாரணை வைத்தார்: நேற்று எதைப் பிடித்தாய்? எதில் கை வைத்தாய்? துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்கே திறக்கவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனியே காணாமல் போயிற்று. இரவில் காவலிருந்து பார்த்தால், எலி! கடித்தாலும் வலிக்காததால் தூங்கினவர் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பினவர்கள் ஆளுக்கொரு பூனையோடு போனார்கள். (மருத்துவமனைக் கணக்கில் பூனைகளை எந்தத் தலைப்பில் எழுதினார்களோ!)

இதை வாசித்தபின் எங்கள் நர்ஸ் ஒருவர் ஆச்சியின் கட்டிலருகே உட்கார்ந்து, "வீட்டில் காலையிலிருந்து என்னென்ன செய்வீர்கள் ஆச்சி?" என்று கேட்டார். "மத்தியானம் வத்தல் காயப்போட்டுக் காக்கா விரட்டுவேன்" என்றார்கள். எங்கே? முற்றத்தில். செட்டிநாட்டு வீடு உங்களுக்குத் தெரியும். முற்றமும் வீட்டுக்குள்தானே, செருப்புப் போடும் வழக்கம் இல்லை. சித்திரை வெயிலில் கொதிக்கும் கல்லில் அவர்கள் வெறுங்காலோடு நின்றிருக்கிறார்கள். சூடு தெரியவில்லை. மூன்று தடவையும் நாங்களே ஆற்றி, நாங்களே அந்தக் கல்லுக்கு அனுப்பியிருக்கிறோம். பலகாரத்தின்மேல் பழிபோட்டதற்காக ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தோம். "சாமி வீடு இருக்கிற இடத்தில் செருப்பா?" என்று தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம். தெருவில் படாத, வீட்டுக்குள் மட்டும் போடும் ஜோடி என்று பேசி முடிவானது. வத்தலை இப்போது மருமகள் பார்த்துக்கொள்கிறார். புண் மூடி ஐந்து மாதமாகிறது. பெருவிரல் ஓரத்தில் மட்டும் சிறிது தோல் தடித்திருக்கிறது, அதைக் கவனித்து வருகிறோம்.

கால் புண்ணோடு வருகிற ஒவ்வொருவரிடமும் "நேற்று எங்கே நடந்தீர்கள்?" என்று இப்போது கேட்கிறோம். ஒருவர் வயல் வரப்பு என்கிறார், ஒருவர் செங்கல் சூளை என்கிறார். இவர்களுக்கெல்லாம் செருப்புத் தைக்க எங்களுக்கு ரப்பர் தகடு தேவைப்படுகிறது.